நாரைக்கு நடந்தது யார்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். "குணா, நீ நடந்து போறதப் பாத்தா..." என்று ஆரம்பிப்பார். அதற்கு இன்னொரு பாதி உண்டு. அது மறந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, மறக்காமல் என்ன செய்யும்? ஆனால் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார், பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகவே ஏதோ பாராட்டாகத்தான் இருக்கும் என்று போன வாரம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பஞ்சரான டயரைப் பார்க்கலாமென்று நான் பஸ்ஸைச் சுற்றி நடந்துவிட்டு வந்ததும் நீங்கள், "உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களே" என்றீர்கள். உங்கள் பாப்பா என் பின்னாலேயே நாலடி நடந்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். அதையும் கவனித்தேன். திட்டாதீர்கள், குழந்தைதானே. இந்த வாரத்தில் எனக்கு இது ஆறாவது தடவை. மளிகைக் கடையில் ஒருவர், பெரிய மனிதர், நெற்றியில் விபூதி, அவரும் நடந்து காட்டினார்.

ஸ்டெப்னியிலும் காற்றில்லையாம். வேறு டயர் வர முக்கால் மணி நேரம் ஆகுமென்று கண்டக்டர் சொல்கிறார். இப்படி நிழலுக்கு வாருங்கள். பையை நானே வைத்துக்கொள்கிறேன். கனம்தான், இருக்கட்டும். உள்ளே என்ன என்று பிறகு சொல்கிறேன்.

நான் குணசேகரன். உடுமலைக்காரன். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தேன், அதற்கப்புறம் இங்கிலீஷில். அதனால் எதையும் இரண்டு தடவை யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. என் மனைவி ரேணுகா அதை இரண்டு தடவை சொல்கிற பழக்கம் என்பாள். கனடாவில் கால்கரி என்று ஓர் ஊர். அங்கே ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை. வருடத்தில் ஐந்து மாதம் ரோடு முழுக்கக் கண்ணாடியாக உறைந்து கிடக்கும். நம் ஊரில் நடப்பதுபோல் வீசி நடந்தால் மல்லாக்க விழ வேண்டியதுதான். பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, சின்னச் சின்ன அடியாக வைத்து, கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி... போதும், நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரே ஒரு ஆசை. நோட்டுப் புத்தகத்தின் மூலையில் பக்கத்துக்கு ஓர் ஆளை வரைந்து கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினால் ஆள் ஓடுவான், செய்திருக்கிறீர்களா? நான் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு முழுக்க ஒருவனை ஓடவிட்டேன். அவன் கடைசிப் பக்கத்தில் தடுக்கி விழுவதற்குள் கணக்கு வாத்தியார் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். அவன் இன்னும் விழவில்லை. நாற்பத்தேழு வயதில் ஒருநாள் கால்கரியில் ரோட்டுப் பனியை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வந்தது. ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

ரேணுகா விமானத்திலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, ஒரு வருசம். ஒரு படம். ஊர்ல நாலு பேரு உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தாங்கன்னா இங்கியே இருந்துக்கலாம். எந்திரிச்சுப் போனாங்கன்னா மறுபடி மூட்டையக் கட்டீர்லாம்." சரி என்றேன். விடுப்பு முடிந்து வருகிறேனா இல்லையா என்று ஆபீசுக்கு மார்ச் மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். வீட்டுக் காலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றி அவளே சிவப்பில் வட்டம் போட்டாள்.

பொள்ளாச்சியில் மூன்று பேர் கிடைத்தார்கள். கிடைத்தார்கள் என்ன, அவர்கள் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். கல்யாண பேனரை ஆடு தின்கிற மாதிரி இருபது நொடி, பொங்கல் பானை பொங்கி ஊர்வலம் போகிற மாதிரி பதினைந்து நொடி. வாட்ஸாப்பில் போட்டால் ஊரே அனுப்பும். விளையாட்டுத்தனம். அவர்களை ஒரு குழுவாக ஆக்கியவன் நான்.

சென்னியப்பண்ணன் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருடம் மாடு பார்த்தவர். கட்டுத்தறிக்குப் போனால் மாட்டை அவிழ்த்து நடக்கவிடச் சொல்வாராம். பத்தடி நடப்பதற்குள் எந்தக் காலில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மாடு வரைந்தால் அவர்தான். வேறு எதை வரைந்தாலும் அதிலும் கொஞ்சம் மாட்டுச் சாயல் இருக்கும்.

கோகிலவாணி எம்பிராய்டரி கம்பெனியில் டிசைன் போடுகிறவள். சட்டைப் பையில் முயல், பாவாடை ஓரத்தில் மயில், அவள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தால் மெஷின் தைக்கும். கை அவ்வளவு வேகம். பேச்சு குறைவு. அவள் பேசாமல் இருந்தால் நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன்.

ஜப்பார் பாய் மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் சத்தம்தான். அவருடைய குடோனில்தான் எங்கள் வேலை. நாலு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி, நடுவில் ஒரு மேஜை, ஸ்பீக்கர் திருட்டுப் போகாமல் இருக்க மேலே மூலையில் ஒரு சிசிடிவி கேமரா.

ஒரு படத்தின் மேல் அடுத்த தாளை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்து, கொஞ்சமே கொஞ்சம் மாற்றி வரைய வேண்டும். அதற்குக் கண்ணாடி மேஜை வேண்டுமென்றேன். பாய் பழைய ஜன்னல் கண்ணாடியைப் போட்டு அடியில் சீரியல் லைட்டைச் சுருட்டி வைத்தார். அது திருவிழாவுக்குக் கட்டுகிற லைட். சிவப்பு ஓடும், பச்சை ஓடும், அப்புறம் மொத்தமாக அணைந்து மறுபடி எரியும். அணைகிற அந்த ஒரு நொடி மூன்று பேரும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். எரிந்ததும் குனிவார்கள்.

"இது ஓடாம நிறுத்த முடியாதா பாய்?"

"நிறுத்தலாமுங் சார். நிறுத்துனா எரியாதுங்."

நான் வரையவில்லையா என்று கேட்காதீர்கள். வரைவேன். ஆனால் யாராவது ஒருவர் மொத்தத்தையும் பார்க்க வேண்டுமில்லையா? ஆகவே நான் நடந்துகொண்டே பேசுவேன். மேஜைக்கு முன்னால் இந்தப் பக்கம் நாலடி, கவனிக்கிறார்களா என்று நின்று ஒரு பார்வை, அந்தப் பக்கம் நாலடி. கார்ட்டூன் என்று சொல்லாதீர்கள், அனிமேஷன் என்று சொல்லுங்கள் என்பதையே எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன்! "சரிங் சார், அனிமேஷன் கார்ட்டூனுங்" என்பார் பாய்.

கதை என்னுடையது. 'வலசை' என்று பெயர். தூர தேசத்திலிருந்து ஒரு நாரை தன் பழைய குளத்துக்குத் திரும்பி வருகிறது. குளம் வற்றிக் கிடக்கிறது. நாரை நாற்பது நொடி அசையாமல் நிற்கிறது. பிறகு வெடித்த மண்ணில் தனியாக நடக்கிறது. தேடுகிறது. எதைத் தேடுகிறது என்று சொல்லமாட்டோம். மொத்தம் நாலு நிமிடம். படித்துக் காட்டினேன். யாரும் பேசவில்லை. மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

சென்னியப்பண்ணன்தான் தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்த நாப்பது நொடி சும்மா நிக்கறதுக்கு ஒரே ஒரு படம் போதுமுங்களே?"

"போதும் அண்ணா. ஆனா அந்த ஒரு படத்துல..."

"நெம்ப நல்ல கதைங். எல்லாப் பறவையும் இப்படி நின்னுட்டா தேவுலீங்."

நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று வைத்தால் நாலு நிமிடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் படம். ஆனால் நடைக்கு ஒரு வசதி உண்டு. ஒரு தடவை காலெடுத்து வைப்பதை ஒழுங்காக வரைந்துவிட்டால் அதையே திருப்பித் திருப்பி ஓட்டலாம். அந்த நாரை பொள்ளாச்சியிலிருந்து பழனி வரைக்கும் நடக்கும். ஆகவே எல்லாம் அந்த ஒரு நடையில்தான் இருக்கிறது. முதலில் சென்னியப்பண்ணன் வரைந்தார். கறவை மாடு நடக்கிற மாதிரி இருந்தது. கோகிலவாணி வரைந்தாள். அழகாக இருந்தது, பாவாடையில் தைக்கலாம். மூன்றாவதாக இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ வாத்து நடையைக் கொண்டுவந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உயிர் இல்லை! கண்ணால பாக்காத எதையும் வரையாதீங்க. உயிரோட நடக்கற ஒண்ணைத் தேடிப் பிடிங்க. தினம் பாருங்க. கால் எப்படி விழுது, தோள் எப்படிச் சாயுது, எதுக்காக நிக்குது, எதுக்காகத் திரும்புது, எல்லாத்தையும் பாருங்க. பாத்ததை மட்டும் வரைங்க!" நாலடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னது உள்ளே இறங்கிவிட்டது என்று தெரிந்தது.

"சரிங்ணா" என்றாள் கோகிலவாணி. அவள் வாய் திறந்து ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதம் அவர்கள் நடையைக் காட்டவேயில்லை. பாத்துட்டிருக்கோமுங், பாத்துட்டிருக்கோமுங் என்றார்கள். எங்கே போய்ப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் பாய்க்கு ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். நானும் தொந்தரவு செய்யவில்லை. என் பாட்டுக்கு நடந்துகொண்டு அனிமேஷன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் காட்டினார்கள். வெள்ளைத் திரையில் நாரை மட்டும். நடந்தது.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. சின்னச் சின்ன அடி. பாதம் வெளியே திரும்பி, மண் தன்னை ஏமாற்றிவிடுமோ என்று சந்தேகப்படுகிற மாதிரி. இறக்கை இரண்டும் உடம்பை ஒட்டாமல். நாலாவது அடியில் நின்றது. கழுத்தைத் திருப்பி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. யாரும் வரவில்லை. மறுபடி நடந்தது. என்ன ஒரு துக்கம்! என்ன ஒரு கம்பீரம்! நான்கூட அப்படி எழுதியிருக்கவில்லை.

"இதுதான்! இதுதான்! எங்க பிடிச்சீங்க இதை?"

சென்னியப்பண்ணன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "அது வந்துங் தம்பி... இக்கட்ட, இந்தப் பக்கமாத்தான், ஒண்ணு வந்து போயிட்டிருக்குதுங்."

"வலசை வந்ததா?"

"ஆமாங். வெளிநாட்டுல இருந்து வந்ததுதானுங்."

"தினமும் வருதா?"

"ஞாயித்துக்கெழமை மட்டுமுங்" என்றார் பாய். கோகிலவாணிக்கு இருமல் வந்து வெளியே ஓடினாள். அந்தக் குடோனில் தூசி அதிகம்.

அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்து ஆட்களைத் தெரியாதா உங்களுக்கு? முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லமாட்டார்கள். என் கதை பிடிக்கவில்லை என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சிவப்பு வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா. பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் நடுவில் எங்களுக்கு நாலு நிமிடம் கொடுத்தார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள். முன் வரிசைகளில் பரிசு வாங்க வந்த பிள்ளைகள். ரேணுகா நடுவில் பெண்கள் பக்கம். நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி. படம் எடுத்தவன் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். முதுகு பொய் சொல்லாது. எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று அங்கிருந்தால்தான் எண்ண முடியும்.

வற்றிய குளம் வந்தது. அமைதி. நாரை இறங்கியது. நின்றது. பத்து நொடி. இருபது நொடி. நாலைந்து பேர் செல்போனை எடுத்தார்கள். ஒருவர் எழுந்தே விட்டார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கமாக வாசலுக்கு வந்தார். ஒன்று, என்று எண்ணினேன். நாற்பது நொடி முடிந்து நாரை நடக்க ஆரம்பித்தது.

முன் வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. பக்கத்தில் இன்னொன்று. நாரை நாலாவது அடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது முன் நாலு வரிசையும் சிரித்தது. எனக்குப் புரியவில்லை. பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் கையைத் தட்டி, "எங்கீடா பின்னால ஆரும் வரலயா?" என்றார். மண்டபமே சிரித்தது. துக்கமான இடம் ஐயா அது! வேகத்தைத் தப்பாக வைத்து ஓட்டுகிறார்கள், நிச்சயம் அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். நிறுத்தச் சொல்ல வேண்டும். எழுந்து நடுப் பாதையில் மேடையை நோக்கி நடந்தேன்.

நான் நடந்தேன். திரையில் நாரையும் நடந்தது.

சிரிப்பு பின்னால் இருந்து கிளம்பி என்னோடு கூடவே முன்னால் வந்தது. நான் நடக்க நடக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசையாக என்னைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். என்னதான் ஆயிற்று இவர்களுக்கு என்று நின்று, திரும்பிப் பார்த்தேன்.

திரையில் நாரையும் நின்று திரும்பிப் பார்த்ததாம். அதை நான் பார்க்கவில்லை, எனக்கு முதுகுப் பக்கம் திரை. நான் பார்த்தது முந்நூறு பேரின் முகத்தை. சிலர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே போகக் கிளம்பிய வேட்டிக்காரர் தூணில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் முடிந்ததும் வாசகர் வட்டத் தலைவர் மைக்கை வாங்கி, "நேரமாச்சு, இருந்தாலும் இன்னொருக்கா போட்டுருங்" என்றார். போட்டார்கள். பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்தார்கள், மறுநாளே அது வாட்ஸாப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. இயக்குநரையும் நடக்கச் சொன்னார்கள். நான் நடக்கவில்லை, போய் உட்கார்ந்துவிட்டேன். உட்காரப் போனதற்கும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கேட்டேன். "எதுக்கு அப்படிச் சிரிச்சே?"

"ஏனுங்க, உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களா?"

"என்ன தெரியலை?"

"உங்க பெரியப்பா என்ன சொல்லுவாரு? நம்ம கல்யாணத்துல நீங்க மணவறைக்கு நடந்து வர்றப்ப, எங்க சனம் அத்தன பேரு முன்னாலயும் சொன்னாரே?"

"நீ நடந்து போறதப் பாத்தா... மீதி மறந்துபோச்சு."

"எதையோ நீயே தொலைச்சுப்போட்டு, ஊரையே தேடச் சொல்ற மாதிரி இருக்குதுடா."

இருபது வருடத்துக்கு மேல் பாராட்டாக வைத்துக்கொண்டிருந்தேன் ஐயா. எங்கள் ஸ்டாப்பில் இறங்கும்போது சொன்னேன்: "போயிடலாம். திங்கட்கிழமை எழுதிடறேன், வர்றோம்னு."

"எதுக்குங்? நாலு பேரு உக்காந்து பாத்தாப் போதும்னுதானே பேச்சு? முந்நூறு பேரு பாத்தாங்க, ரெண்டு தடவ."

"சிரிச்சாங்களே!"

"சிரிச்சா? எந்திரிச்சா போனாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள். வீட்டு வாசல் வரைக்கும் திரும்பிப் பார்க்கவேயில்லை. எப்படித்தான் முடிகிறதோ.

மறுநாள் ஞாயிறு. என் பென்சில் பெட்டியையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டு வரலாமென்று பொள்ளாச்சிக்குப் போனேன். மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"யாருடைய நடை அது?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

சென்னியப்பண்ணன் பெரியவர், அவர்தான் பேசினார். "தம்பி, கண்ணால பாக்காததை வரையாதீங்கன்னு நீங்கதானுங் சொன்னீங்க. வாரத்துக்கு ஒருக்கா நாங்க கண்ணால பாத்தது உங்களத்தானுங். மத்த நடையெல்லாம் வரைஞ்சு பாத்தமுங். உசுரு இல்லீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க ஒழுங்கா நடந்துட்டா என்ன பண்றதுங்?"



பாய் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். மூலையில் இருந்த கேமரா எடுத்த படம் அது. சென்னியப்பண்ணன் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாராம், ஞாயிறு ஞாயிறாக. அதில் சத்தம் கிடையாது. ஆகவே நான் என்ன சொல்கிறேன் என்பது தெரியவில்லை, நடப்பது மட்டும்தான் தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் தலையில் வழுக்கை விழுந்த ஒருவன் நாலடி நடக்கிறான், நிற்கிறான், திரும்பிப் பார்க்கிறான். அவன் பார்க்கும்போது மேஜையில் இருக்கிற மூன்று பேரும் தலையாட்டுகிறார்கள். அவன் முகத்தைத் திருப்பியதும் குனிந்து வரைகிறார்கள். லைட் எரிகிறது, அணைகிறது. சட்டை மட்டும் மாறுகிறது, மற்றதெல்லாம் அதே.

"எடது முட்டியில ஒரு பிடிப்பு இருக்குதுங் உங்களுக்கு" என்றார் சென்னியப்பண்ணன். "பழசுங். ஏழெட்டு வருசமாவது இருக்கும். எண்ணெய் போட்டு நீவுனாச் சரியாப் போயிருமுங்."

கால்கரியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் விழுந்தேன். எட்டு வருடம். ரேணுகாவுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"இதையும் பாருங்ணா" என்று கோகிலவாணி இன்னொரு வீடியோத் துண்டைப் போட்டாள். தை மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து போகாத ஞாயிறு. மேஜைக்கு முன்னால் காலியாக இருக்கிறது. மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். லைட் எரிகிறது, அணைகிறது, எரிகிறது. யாரும் வரையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சென்னியப்பண்ணன் எழுந்து முன்னால் வருகிறார். நாலடி நடக்கிறார். நிற்கிறார். திரும்பிப் பார்க்கிறார். கோகிலவாணி பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். அவர் மறுபடி நடக்கிறார். மறுபடியும் இல்லை என்கிறாள். பாய் எழுந்து நடந்து பார்க்கிறார். அதற்கும் இல்லை. அப்புறம் மூன்று பேரும் டீ குடிக்கிறார்கள்.

நான் பென்சில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"அடுத்த படம் யோசிச்சுட்டோமுங்ணா" என்றாள் கோகிலவாணி. அந்தப் பெண் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "வாய்க்கால்ல தண்ணி திறந்து விடற நாளு ஒரு யானைக்குட்டி வழி தப்பி ஊருக்குள்ள வருதுங். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு இது நம்ம வீடான்னு பாக்குதுங். ஒரு வீட்டுக்காரம்மா தண்ணித் தொட்டியத் திறந்து விடறாங்க, இன்னொருத்தர் அட்ரஸ் கேக்கறாரு..." அவள் சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா நீங்க போயிட்டீங்கன்னா நடக்கறதுக்கு ஆளில்லைங்ணா."

டைரக்ட் செய்ய ஆளில்லை என்று அவள் சொல்லவில்லை. கவனித்தேன். எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவன் இல்லையா, பஸ்ஸில் வரும்போது அதையும் இரண்டு தடவை யோசித்தேன்.

அதோ, டயர் வந்துவிட்டது போலிருக்கிறது. பாப்பாவை ரோட்டுப் பக்கம் விடாதீர்கள். ஆமாம், பையில் என்ன என்று சொல்கிறேன் என்றேனே. பாருங்கள். பூட்ஸ். கால்கரியில் பனியில் போடுவது, ஒன்றொன்றும் ஒன்றரைக் கிலோ. திரும்பிப் போனால் வேண்டியிருக்கும் என்று ரேணுகா அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருந்தாள். இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் யானைக் கால் மாதிரி விழும் என்று சென்னியப்பண்ணன் கண்டுபிடித்தார். ஒரு சந்தேகம் மட்டும் அவருக்கு இருக்கிறது, யானைக்குட்டி நாலாவது அடியில் நிற்குமா என்று. நின்றால் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

ஏறுங்கள், ஏறுங்கள், பாப்பாவை முன்னால் ஏற்றுங்கள். நான் எங்கே விட்டேன்? ஆங், திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குக் கால்கரிக்கு எழுதிப் போட்டேன், நான் வரவில்லை என்று. கதையைக் கோகிலவாணி எழுதுகிறாள். நான் யானைக்கு நடக்கிறேன்.